வெதுவெதுப்பான நவம்பரும் குளிருக்குத் தயாராகாத தோட்டமும்

2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருக்கும் எவரும் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூலை 19ஆம் தேதி லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரிட்டனில் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்தது அந்த ஆண்டுதான் முதன்முறை. வறட்சியைத் தாங்க முடியாத மரங்கள் ஆகஸ்டிலேயே இலைகளை உதிர்த்தன. பின்னர் மழை வந்தது. ஆனால் குளிர் வரவில்லை. அந்த இலையுதிர் காலம் இந்நாட்டின் பதிவேடுகளில் உள்ள மிக வெப்பமான இலையுதிர் காலங்களுள் ஒன்றாக அமைந்தது. கென்ட்டில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் நவம்பர் முடியும்வரை டாலியாவும் சால்வியாவும் பூத்துக்கொண்டிருந்தன. ரோஜாச் செடிகள் புதுத் துளிர் விட்டன. புல்தரை வெட்ட வெட்ட வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் மகிழ்ந்தார்கள்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வடதுருவக் காற்று இறங்கியது. 13ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பிரேமரில் வெப்பநிலை மைனஸ் 17.3 டிகிரிக்குச் சரிந்தது. தெற்கே குளிர் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், பனி பொழிந்து, அடுத்தடுத்த இரவுகள் உறைநிலைக்குக் கீழேயே கழிந்தன. அதன் விளைவு வசந்தத்தில்தான் தெரிந்தது. பல ஆண்டுகளாக நன்றாக நின்ற ஹீபி, பிட்டோஸ்போரம், கார்டிலைன், சால்வியா ஆகிய அலங்காரச் செடிகள் எங்கள் தெருவிலும் பக்கத்து ஊர்களிலும் கருகியோ, அடிமரம் பிளந்தோ, மறுபடி துளிர்க்காமலோ போயின. அந்தக் குளிர் அவற்றுக்குப் புதிதன்று. அதே அளவு குளிரை முந்தைய ஜனவரிகளிலும் பிப்ரவரிகளிலும் அவற்றுள் பல தாங்கியிருக்கின்றன. இம்முறை அவை தயாராக இல்லாதபோது குளிர் வந்துவிட்டது என்பதே வேறுபாடு. இலையுதிர் கால வெப்பத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: அந்த வெப்பம் தன்னளவில் செடிகளைக் கொல்வதில்லை. செடி குளிர்காலத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகளை அது செய்யவிடாமல் தடுக்கிறது.

அந்த வேலைகள் எவை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். மிதவெப்ப நாடுகளின் மரங்களும் புதர்களும் பருவத்தை இரண்டு வழிகளில் அறிகின்றன. ஒன்று பகலின் நீளம். இலைகளில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி இரவு எவ்வளவு நீள்கிறது என்பதை உணர்கிறது. ஆகஸ்ட் முடிந்து இரவுகள் நீளத் தொடங்கியதும், பல மரங்கள் நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மொட்டுகளைச் செதில்களால் மூடுகின்றன. பகலின் நீளம் எந்த ஆண்டிலும் மாறுவதில்லை. அது பூமியின் சாய்வைப் பொறுத்தது. இரண்டாவது அடையாளம் வெப்பநிலை. செப்டம்பரிலிருந்து இரவுகள் படிப்படியாகக் குளிரும்போதுதான் தயாரிப்பின் இரண்டாம் கட்டம் நடைபெறுகிறது. உயிரணுக்களில் சர்க்கரைகள் சேர்கின்றன. உயிரணுச் சவ்வுகளின் கொழுப்பு குளிரிலும் இறுகிப்போகாதபடி மாறுகிறது. உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியேறி, பனிக்கட்டி உருவானாலும் உயிரணுவுக்கு வெளியே உருவாகும்படி ஆகிறது. இவ்வாறு பதப்பட்ட மரம் ஜனவரியில் தாங்கும் குளிரை, பதப்படாத அதே மரம் அக்டோபரில் தாங்காது. வெப்பநிலை நவம்பர்வரை இறங்காவிட்டால், முதற்கட்டம் முடிந்தும் இரண்டாம் கட்டம் தொடங்காத நிலையில் மரம் நின்றுவிடுகிறது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்து நம் தோட்டங்களில் இடம்பிடித்த பசுமைமாறாப் புதர்கள் பல, பகலின் நீளத்தைவிட வெப்பநிலைக்கே அதிகம் செவிசாய்ப்பவை. ஆகவே இதமான நாட்களில் அவை வளர்ந்துகொண்டே போகின்றன. 2022இல் அதிகம் இறந்தவற்றுள் அவை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இத்தகைய இழப்பின் மிகக் கொடிய எடுத்துக்காட்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நிகழ்ந்தது. இன்று சோளத்துக்கும் சோயாவுக்கும் பெயர்பெற்ற அந்த மாநிலம் ஒரு காலத்தில் ஆப்பிள் விளைச்சலிலும் முன்வரிசையில் இருந்தது. 1940 நவம்பர் 11ஆம் தேதி, காலையில் இதமாக இருந்த வானிலை சில மணி நேரத்தில் கடும் பனிப்புயலாக மாறியது. முதல் உலகப் போர் முடிந்த நாளின் நினைவாக விடுமுறை விடப்பட்டிருந்ததால், மெல்லிய உடையில் வாத்து வேட்டைக்குப் போயிருந்தவர்கள் பலர் அந்தப் பகுதி முழுவதும் உயிரிழந்தனர். மனித இழப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. மரங்களின் இழப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இன்னும் பதப்படாமல், சாறு ஓடிக்கொண்டிருந்த ஆப்பிள் மரங்கள் அயோவா முழுவதும் செத்தும் சிதைந்தும் போயின. போர்க்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பல விவசாயிகள் மீண்டும் ஆப்பிள் நட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க மனமின்றி வேறு பயிர்களுக்கு மாறினார்கள். ஒரே நாளில் வந்த குளிர் ஒரு மாநிலத்தின் பழத்தொழிலையே மாற்றிவிட்டது.

நம்மால் வானிலையை மாற்ற முடியாது. ஆனால் இதமான அக்டோபரில் தோட்டக்காரர் செய்யும் சில வேலைகள் செடியின் தயாரிப்பை இன்னும் தள்ளிப்போடுகின்றன. அவற்றை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. தழைச்சத்து உரம் அவற்றுள் முதன்மையானது. செடி பூத்துக்கொண்டிருக்கிறதே என்று செப்டம்பருக்குப் பின்னும் உரமிட்டால், அது மென்மையான புதுத் தண்டுகளை விடும். அவைதான் முதல் உறைபனியில் கருகுபவை. கவாத்தும் அப்படியே. அக்டோபரில் வெட்டப்பட்ட கிளைக்குக் கீழே உள்ள மொட்டுகள், காற்று இதமாக இருந்தால் உடனே துளிர்க்கப் பார்க்கும். பசுமைமாறாப் புதர்களை வெட்டுவதை வசந்தத்துக்கு ஒத்திவைப்பதே நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலி கலைந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காதவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தொட்டிச் செடிகளுக்கு மட்டும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. இதமான, காற்றோட்டமான நவம்பர் நாட்களில் பசுமைமாறா இலைகள் நீரை இழந்துகொண்டேயிருக்கும். வேர் உலர்ந்த செடியைக் குளிர் விரைவில் வீழ்த்தும்.

பருவம் தவறிப் பூப்பது வேறு விஷயம். இதைத்தான் மக்கள் முதலில் கவனிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், கவலைப்படுகிறார்கள். என் பார்வையில் கவலைப்பட வேண்டியவற்றுள் இது கடைசியானது, எல்லாப் பூக்களும் ஒரே காரணத்தால் பூப்பதில்லை என்பதால். நவம்பரில் பூக்கும் 'அவுட்டம்னாலிஸ்' என்ற செர்ரி வகை, எந்தக் குளிர்காலத்திலும் இதமான இடைவெளிகளில் பூக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மரம். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. லண்டன் பூங்காக்களில் செப்டம்பரில் பூக்கும் குதிரைச் செஸ்ட்நட் மரங்களின் கதை வேறு. 2002இல் விம்பிள்டனில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைதுளைக்கும் அந்துப்பூச்சி, கோடை முடிவதற்குள் அந்த மரங்களின் இலைகளைப் பழுப்பாக்கி உதிரச்செய்கிறது. இலைகள் இருக்கும்வரை அவற்றிலிருந்து வரும் அப்சிசிக் அமிலம் என்னும் வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோன் அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை உறங்க வைத்திருக்கும். இலைகள் முன்கூட்டியே போய்விட்டு, காற்றும் இதமாக இருந்தால், மொட்டு விழித்துக்கொள்கிறது. 2018 அக்டோபரில் ஜப்பானின் பல பகுதிகளில் சகுரா என்னும் செர்ரிப் பூ மலர்ந்ததும் இதே வழியில்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் வீசிய ஜெபி, டிராமி ஆகிய சூறாவளிகள் மரங்களின் இலைகளைப் பறித்துச் சென்றன. பின்னர் வந்த இதமான நாட்கள் மொட்டுகளைத் திறந்தன. இவ்வாறு அக்டோபரில் மலர்ந்த மொட்டு ஏப்ரலில் மறுபடி மலராது. எனினும் ஒரு மரத்தில் பெரும்பாலான மொட்டுகள் உறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், இழப்பு பெரும்பாலும் சிறியது.

2015 டிசம்பரில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததை மட்டும் நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அந்த நவம்பர் முதல் தேதியிலேயே வேல்ஸின் ட்ராஸ்கோயெட்டில் 22.4 டிகிரி பதிவாகி, நவம்பர் மாதத்துக்கான பிரிட்டனின் பழைய உச்சம் முறிந்தது. 1659இலிருந்து தொடர்ந்து கணக்கிடப்படும் மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடரில், அந்த டிசம்பரின் சராசரி 9.7 டிகிரி. அத்தொடரில் அவ்வளவு இதமான டிசம்பர் வேறொன்றில்லை. மார்ச்சில் வர வேண்டிய டாஃபடில்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே சாலையோரங்களில் மலர்ந்தன. இலைகள் உதிர்ந்ததால் வந்த குழப்பமன்று அது. குளிர்காலமே அந்த மாதம் வரவில்லை.

குளிர் வராமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைப் பழம் பயிரிடுபவர்களிடம் கேட்க வேண்டும். ஆப்பிளின் மொட்டு ஆழ்ந்த உறக்கத்திலிருந்து வெளிவர வேண்டுமானால், பொதுவாக 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,000 மணி நேரம்வரை அது குளிரை உணர வேண்டும். வகைக்கு வகை இது மாறும். 1970களில் அமெரிக்காவின் யூட்டாவில் உருவாக்கப்பட்ட கணக்கீட்டு முறை இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: 16 டிகிரிக்கு மேல் போகும் நேரம், சேர்ந்த குளிரைக் கழித்துவிடும். இலையுதிர் காலத்தின் இதமான பகல்கள் அதனால்தான் முக்கியமாகின்றன. கணக்குத் தொடங்க வேண்டிய மாதத்திலேயே வரவும் செலவும் சமமாகிவிடுகின்றன. போதிய குளிர் கிடைக்காத மரம் இறப்பதில்லை. அது தாமதமாகவும் சீரின்றியும் பூக்கிறது. ஒரு கிளை மலர்ந்து முடியும்போது மறு கிளை தொடங்கினால், மகரந்தம் தர வேண்டிய பக்கத்து வகையின் பூக்காலத்தோடு அது பொருந்தாமல் போகிறது.

சிறிய கரும்பழங்கள் தரும் பிளாக்கரன்ட் புதருக்கு ஆப்பிளைவிட அதிகக் குளிர் வேண்டும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தை ஒட்டி இயங்கும் ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனம், 'பென் லோமண்ட்', 'பென் ஹோப்' என்று மலைகளின் பெயர் சூட்டப்பட்ட பிளாக்கரன்ட் வகைகளுக்குப் பெயர்பெற்றது. குறைந்த குளிரிலும் சீராக மொட்டவிழும் வகைகளைத் தேர்ந்தெடுப்பது இப்போது அங்கு நடக்கும் பணிகளுள் ஒன்று. பெருந்தோட்டங்களில் இந்தப் பழத்தை எந்திரம்தான் பறிக்கிறது. ஒரே புதரில் பாதி பழுத்தும் பாதி காயாகவும் இருந்தால் எந்திரத்தால் பிரித்தறிய முடியாது.

யார்க்ஷயரின் வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் இருட்டறையில் வளர்க்கப்படும், புளிப்பான தண்டுக்காகப் பயிரிடப்படும் ரூபார்ப் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, அங்கே குளிரை நாள்தோறும் எண்ணுகிறார்கள் என்பதால். செடிகள் இரண்டு ஆண்டுகள் திறந்த வயலில் வளர்ந்து கிழங்கில் சத்தைச் சேர்க்கின்றன. மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில் வயலில் போதிய குளிர் பட்ட பிறகே அவற்றைத் தோண்டி, சூடாக்கப்பட்ட இருண்ட கொட்டகைக்குக் கொண்டுபோகலாம். வெளிச்சம் பட்டால் தண்டு முற்றிவிடும் என்பதால் மெழுகுவத்தி ஒளியில் அறுவடை செய்கிறார்கள். மண்ணின் வெப்பநிலையை அளந்து குளிர் அலகுகளாகக் கூட்டி வருகிறார்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு தொகை உண்டு. அது சேருமுன் தோண்டினால் எவ்வளவு சூடேற்றினாலும் கிழங்கு சரியாகத் துளிர்க்காது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் என்ற தகுதி பெற்ற இந்தத் தொழிலில், இதமான அக்டோபரும் நவம்பரும் அறுவடைத் தேதியையே தள்ளிவைக்கின்றன. கொட்டகையின் சூட்டை நினைத்தபோது ஏற்றிவிடலாம்; வயலின் குளிருக்கோ காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இலைகளின் நிறத்துக்கு வருகிறேன். மஞ்சள் நிறம் இலையில் ஏற்கெனவே இருப்பது. பச்சையம் சிதைந்ததும் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படியன்று. அந்தோசயனின் என்னும் அந்த நிறமி பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான் புதிதாக உருவாகிறது. அதற்குச் சர்க்கரை தேவை. வெயிலான பகலில் உருவாகும் சர்க்கரை, குளிர்ந்த இரவில் இலையிலேயே தங்கிச் சிவப்பாகிறது. இரவும் வெதுவெதுப்பாக இருந்தால் இலை சுவாசிப்பதிலேயே அதைச் செலவழித்துவிடும். அதனால்தான் இதமான ஆண்டுகளில் மேப்பிள்கள் மங்கிய பழுப்பாகி உதிர்கின்றன. இலைகள் எப்போது நிறம் மாறும் என்ற கேள்விக்கு 2023இல் சூரிக் ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட விடை குறிப்பிடத்தக்கது. ஜூன் மாதத்து நெடும்பகல் நாளுக்கு முன் வரும் வெப்பம் இலை முதிர்வைச் சற்று முன்னே இழுக்கிறது. அதற்குப் பின் வரும் வெப்பம், ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டரை நாட்கள் அளவில், அதைப் பின்னே தள்ளுகிறது. வசந்தமும் சூடு, இலையுதிர் காலமும் சூடு என்றால் இரண்டு இழுப்புகளுக்கும் நடுவே மரம் நிற்கிறது.

இலைகள் நீண்ட நாள் தங்குவது அழகு என்று தோன்றலாம். ஆனால் 1987 அக்டோபர் 15 இரவு தென்கிழக்கு இங்கிலாந்தில் வீசிய பெரும்புயல் சுமார் ஒன்றரைக் கோடி மரங்களைச் சாய்த்ததற்கு, மண் நனைந்து ஊறியிருந்ததோடு மரங்கள் முழு இலையோடு நின்றதும் காரணம். கியூ தாவரவியல் பூங்கா மட்டும் ஏறத்தாழ 700 மரங்களை இழந்தது. இலையற்ற மரத்தின் ஊடே காற்று புகுந்து போகும். இலைகள் நிறைந்த மரத்தை அது முழு வேகத்தோடு தள்ளும். உதிர்வு தள்ளிப்போகப் போக, புயல்கள் மிகுந்த வாரங்களை இலைகளோடு எதிர்கொள்ளும் மரங்களின் எண்ணிக்கை கூடுகிறது. வீட்டருகே பெரிய மரம் வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பூச்சிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அசுவினிகள் குளிருக்கு முன் முட்டையிட்டு மடிவதற்குப் பதிலாக உயிரோடே குளிர்காலத்தைக் கடக்கின்றன. நத்தைகள் நவம்பரிலும் முட்டையிடுகின்றன. ஈரமும் இதமும் கூடிய புல்தரையில் ஃபியூசேரியம் என்னும் பூஞ்சை நோயின் திட்டுகள் பரவுகின்றன. மண் 6 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை புல் வளரும் என்பதால் வெட்டலாம், ஆனால் உயரமாகவே வெட்ட வேண்டும். பம்பிள் தேனீக்களின் நிலைதான் எனக்குக் கவலையளிக்கிறது. தென் இங்கிலாந்தில் மண்ணில் கூடுகட்டும் ஒரு பம்பிள் தேனீ வகை, 1990களிலிருந்து குளிர்காலத்திலும் கூட்டமாக இயங்குவது காணப்படுகிறது. உறங்க வேண்டிய ராணி இதமான நாளில் வெளியே வந்து கூடுகட்டினால், அதற்குப் பூ வேண்டும். தோட்டத்தில் ஒரு மஹோனியா புதர் இருந்தால், நவம்பர் முதல் ஜனவரிவரை அதன் மஞ்சள் கொத்துகள் அந்தத் தேனீக்களுக்கு உணவாகும். ஐவிக் கொடியைப் பூக்கும் முன் வெட்டாமல் விட்டாலும் அதே உதவி கிடைக்கும்.

காய்கறிப் பாத்தியில் இதமான இலையுதிர் காலம் கொடுப்பதும் உண்டு, எடுப்பதும் உண்டு. தக்காளியும் மிளகாயும் செடியிலேயே பழுக்கின்றன. சுரையும் அவரையும் இன்னும் சில வாரங்கள் காய்க்கின்றன. லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் தோட்டத் துண்டு எடுத்துப் பயிர் செய்யும் நம் ஊர்க்காரர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. அதை நானும் குறைத்து மதிப்பிடவில்லை. மறுபுறம், பார்ஸ்னிப் கிழங்கின் இனிப்பு குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வருவது. உறைபனி படாத நவம்பரில் தோண்டினால் அது சப்பென்று இருக்கும். பூண்டுக்கும் நட்ட பிறகு ஓரிரு மாதக் குளிர் வேண்டும். இல்லாவிட்டால் பற்களாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடலாம்.

நம் வீடுகளில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கினால் அதை உள்ளே எடுக்க வேண்டும் என்பதை இங்கே பெரும்பாலோர் அறிவார்கள். இதமான ஆண்டுகளில் அந்த இரவு அக்டோபரில் வராமல் தள்ளிப்போகிறது. செடி வெளியிலேயே நிற்கிறது, துளிரும் விடுகிறது. பின்னர் தெளிந்த வானமுள்ள ஓர் இரவில் வெப்பநிலை ஒரேயடியாக இறங்குகிறது. தென்சுவரை ஒட்டிய தொட்டி தப்பலாம். திறந்த முற்றத்தில் இருப்பது தப்பாது. எனவே நாட்காட்டியையும் நம்பாமல், பகல் வெயிலையும் நம்பாமல், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை முன்னறிவிப்பை மட்டும் பார்த்து முடிவெடுப்பதே சரி. மேலும், வெளியில் விட்ட செடியைத் திடீரென்று சூடேற்றிய வரவேற்பறையில் வைத்தால் இலைகள் கொட்டும். முதலில் குளிர்ந்த, வெளிச்சமான ஓர் அறையில் சில நாட்கள் வைக்க வேண்டும்.

நடவுத் தேதிகளையும் இப்படியே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ட்யூலிப் கிழங்குகளை நவம்பரில் நடுவது மண் குளிர்ந்த பிறகு பூஞ்சை நோய் அடங்கும் என்பதற்காகத்தான். மண் இதமாக இருந்தால் நவம்பரின் பிற்பாதிக்கோ டிசம்பருக்கோ தள்ளிப்போடுவதில் தவறில்லை. டாலியாவின் இலைகளை முதல் உறைபனி கருக்கிய பிறகே கிழங்கைத் தோண்டுவது பழைய வழக்கம். அந்த உறைபனி வராத ஆண்டுகளில் பலர் கிழங்கை நிலத்திலேயே விட்டு, அடர்த்தியாக மூடாக்கு இடுகிறார்கள். வடிகால் நல்ல மண்ணாக இருந்தால் நானும் அதையே பரிந்துரைப்பேன். களிமண்ணில் வேண்டாம், அங்கே கிழங்கு குளிரால் சாகுமுன் ஈரத்தில் அழுகிவிடும்.

இந்த மாற்றங்களை அளவிட நம்மிடம் உள்ள குறிப்புகள் போதாதவை. நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம் 1736இல் வசந்தத்தின் அடையாளங்களைத் தேதியிட்டுக் குறிக்கத் தொடங்கினார். அவருடைய குடும்பத்தார் 1958வரை தலைமுறை தலைமுறையாக அதைத் தொடர்ந்தார்கள். முதல் இலை, முதல் பூ, முதல் குயில் என்று வசந்தத்தைக் குறிப்பது எளிது. ஒரு நாளில் கண்ணில் படும் நிகழ்ச்சி அது. இலை நிறம் மாறுவதும் உதிர்வதும் வாரக்கணக்கில் நடப்பவை; எந்த நாளை எழுதுவது என்பதிலேயே குழப்பம் வரும். வசந்தத்தைவிட இலையுதிர் காலத்தைப் பற்றிய பதிவுகள் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம். நான் என் குறிப்பேட்டில் கேள்விகளைக் குறுக்கிக்கொண்டேன்: தரையில் முதல் உறைபனி கண்ட தேதி, டாலியா கருகிய தேதி, வாசலில் உள்ள பிர்ச் மரம் பாதி இலைகளை இழந்துவிட்டதாகத் தோன்றிய தேதி, புல்தரையைக் கடைசியாக வெட்டிய தேதி. ஒரே மரம், ஒரே இடம், ஒரே கண் என்பதால் ஆண்டுகளை ஒப்பிட முடிகிறது. வரும் செப்டம்பரில் தொடங்க விரும்புபவர்கள் தங்கள் வாசலிலோ தெருவிலோ ஒரு மரத்தைத் தேர்ந்து, பசுமைக்குடிலிலோ சுவரிலோ அல்லாமல் திறந்த தரையருகே ஒரு குறைந்தபட்ச வெப்பநிலைமானியை வைத்தால் போதும்.